இடது காதுக்கு மட்டும்

பாட்டு ஓடிக்கொண்டிருந்தவரை குழந்தை அசையவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் வருகிற சின்ன இடைவெளியில், இயர்போன் ஒயரில் ஒன்றுமே ஓடாத அந்த நேரத்தில்தான், தொப்புளுக்கு இடது பக்கமாக இரண்டு முறை உதைத்தது.

“பாட்டு முடிஞ்சதுக்குக் கைதட்டுறியா, தங்கம்?” சௌமியா வயிற்றைத் தடவிக் கொடுத்தாள். இரண்டு கைகளிலும் முழங்கைவரை அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்கள் சலசலத்தன. அடுத்த பாட்டின் கிட்டார் தொடங்கியது. குழந்தை அமைதியாகிவிட்டது.

உடனே முத்துக்குமாருக்குச் செய்தி அனுப்பினாள்: ‘உங்க புள்ளைக்கு ராக் புடிச்சிருக்கு.’ தொழிற்சாலையில் இரண்டாவது ஷிஃப்டில் இருந்தவனிடமிருந்து, டீ நேரம் வந்ததும், சிவப்பு இதயங்களாக வந்து கொட்டின. கடைசியில் ஒரு வரி. ‘என் காதை அதுக்குக் குடுத்திருக்கேன்ல, பின்ன?’

அது உண்மைதான். பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் படித்த காலத்தில், கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாக மாட்டிக்கொண்டுதான் இருவரும் காதலித்தார்கள். ஜன்னல் சீட் அவளுக்கு. பக்கத்தில் அவன். வலது அவளுக்கு, இடது அவனுக்கு. பஸ்ஸில் வேறு யாருக்கும் தெரியாத பாட்டுகள். எங்கோ குளிர் நாட்டில் நான்கு பையன்கள் கார் ஷெட்டில் பதிவு செய்தது. டிரம்ஸ் அடிப்பவன் எப்போதும் ஒரு நூல் பிந்தியே அடிப்பான், அதுதான் அழகு என்பான் முத்து. கல்யாணமாகி ஓசூரில் குடித்தனம் வந்த பிறகும் அவன் ஒயர் இல்லாத இயர்போன் வாங்கவில்லை. “ஒயரு இருந்தாத்தான் நீ எந்திரிச்சுப் போகமாட்டே” என்பான்.

இப்போது அவனுடைய இடது காது குழந்தையினுடையது. மருந்துக் கடையில் வாங்கிய வெள்ளை டேப்பால் வயிற்றில் ஒட்டிவிட்டு, வலதை அவள் மாட்டிக்கொள்வாள். ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம் என்று அந்த வாரம் முழுவதற்கும் ஃபோனில் எடுத்து வைத்திருந்தான்.

அந்த ஒரு வாரம் கிடைத்ததே ஒரு சாவினால். வளைகாப்பு முடிந்த அன்றே சௌமியா அம்மா வீட்டுக்கு, உத்தனப்பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். விடியற்காலையில் அங்கே பங்காளி வீட்டுப் பெரியவர் போய்விட்டார். தீட்டு வீட்டுக்கு மாசமான பெண்ணைக் கூட்டிப் போகக் கூடாது, கருமாதி முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். முத்துவின் அண்ணன் வீட்டு வழியில் வந்த பெண்கள் அவசர அவசரமாக வளையலைப் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா ராசாத்தி வரவும் முடியவில்லை.

“புள்ளைக்கு சாமி பாட்டுப் போட்டு வுடுடி. என்னாத்துக்கு அந்த மிசின் சத்தமெல்லாம்?” என்று ஃபோனில் கேட்டாள்.

“அவங்கப்பா மிசின்காரரு, அம்மா மிசின்காரி. பின்ன என்ன பாட்டுக் கேக்கும்?”

“வாயிதான். வளையலைக் கழட்டிராத. அந்தச் சத்தம் புள்ளைக்குக் கேட்டுகினே இருக்கணும். தொணை அது.”

*

சௌமியாவுக்குக் கேட்பதுதான் வேலை. சிப்காட்டில் கார்களுக்கு வைப்பர் மோட்டார் செய்கிற கம்பெனியில், எல்லாம் முடிந்து கடைசியாக மோட்டார் வருகிற இடம் அவளுடையது. நாய்ஸ் ரூம் என்பார்கள். சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தினால் வெளியே தகடு அடிக்கிற பிரஸ் இடிப்பதுகூடக் கேட்காது. தன் ரத்தம் ஓடுவது கேட்கும். வளையல், கொலுசு, தாலிச் சங்கிலி எதுவும் அங்கே கூடாது. மோட்டாரை வைத்ததும் கிளாம்ப் ‘க்ளக்’ என்று பிடிக்கும். மோட்டார் சுற்றும். ஹெட்போனில் கேட்பாள். சத்தம் சரியாக இருந்தால் இடது கையருகே பச்சைப் பட்டன், கோளாறு என்றால் வலது கையருகே சிவப்பு. சந்தேகமாக இருந்தால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி கேட்பாள். சிவப்பை அழுத்தினால், மோட்டார் இருக்கிற தட்டு உருளைகள் மேல் இடது பக்கமாகச் சரிந்துபோய், சுவரில் ரப்பர் திரை தொங்குகிற சின்ன ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் விழுந்துவிடும். அந்தப் பக்கம் பிரித்துப் பார்ப்பார்கள்.

அவள் யோசிப்பதற்கு முன்பே விரல் அழுத்திவிடும். இதில் என்ன கோளாறு என்று சூப்பர்வைசர் கேட்டால் பல நேரம் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பிரித்துப் பார்த்தால் இருக்கும். ஒரு தடவைகூட இல்லாமல் போனதில்லை.

*

திங்கட்கிழமைக்கு முத்து வைத்திருந்தது எலக்ட்ரானிக் ஆல்பம். யாரோ ஒருத்தி, பழைய லிஃப்டும் ஃபிரிட்ஜும் எழுப்புகிற சத்தங்களை மட்டும் வெட்டி ஒட்டிச் செய்தது. “உங்க கம்பெனியே வாயத் தொறந்து பாடுன மாதிரி இருக்கும் பாரு” என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸோடு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனான்.

அவளுக்குப் பிடித்திருந்தது. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாகப் போட்டிருந்தது. பாகலூர் ரோட்டில் கர்நாடகா பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. தெருக்கோடியிலிருந்த சின்னப் பட்டறையின் பிரஸ் தம், தம் என்று இடித்துக்கொண்டிருக்க, இரும்பு அறுக்க ஊற்றும் கட்டிங் ஆயிலின் தித்திப்பான நெடி கொசுவலை வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த எல்லாச் சத்தங்களுக்கும் நடுவே, வலது காதில், ஒரு லிஃப்ட் மிக மெதுவாக எந்த மாடிக்கோ இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி நின்றது. அந்தப் பாட்டு முடிந்தது.

குழந்தை உதைத்தது. இரண்டு முறை.

அடுத்தது முடிந்தது. மறுபடி இரண்டு முறை. அதே இடத்தில்.

மூன்றாவதற்கு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் தேய்ந்து மறைந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு இரண்டு உதை, அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடைவெளியில். தட்டு. தட்டு. ஸ்க்ரூடிரைவர் பிடியால் அவள் தட்டுகிற அதே கணக்கு.

தானாக உதைக்கிற குழந்தை இப்படி உதைக்காது என்று அவளுக்குத் தோன்றியது. இது பதில். யாரோ அந்தப் பக்கம் தட்டுகிறார்கள். குழந்தை திருப்பித் தட்டுகிறது.

டேப்பை உரித்து, இடது இயர்போனைத் தன் இடது காதில் வைத்துப் பார்த்தாள். அதே பாட்டு. அதே ஃபிரிட்ஜ் முனகல். சிரிப்பு வந்தது. பாட்டு முடிகிறவரை பொறுத்திருந்தாள்.

இடைவெளி வந்தது. வலது காதில் வெறும் ஒன்றுமில்லாமை. ஃபோன் எதையும் அனுப்பாதபோது இருக்கிற செத்த அமைதி. இடது காதில் அப்படி இல்லை. அங்கே ஒரு அறை இருந்தது. அமைதிகளில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அவளுக்குத் தெரியும். நான்கு சுவருக்கும் ஸ்பாஞ்ச் ஒட்டி, கதவைச் சாத்திவிட்டு, உள்ளே ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிற அமைதி அது.

*

“ரெண்டு காதுலயும் ஒண்ணுதான்டி வருது.” முத்து ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டைகூடக் கழற்றாமல், அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டான். கண்ணை மூடி, இடைவெளிகளையும் விடாமல் கேட்டான். அவன்மேல் இரும்புத்தூள் வாசம் அடித்தது. “பிரசவ லீவு குடுத்தாலும் இன்ஸ்பெக்‌ஷனை விடமாட்டியா நீ? நம்ம பாட்டையே ரிஜெக்ட் பண்ணுவே போல.”

“விளையாடாதீங்க முத்து. நெசமாத்தான் சொல்றேன்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை விட்டுவிட்டு, அவள் நெற்றியில் கை வைத்தான். “ஒத்தையில கெடக்க. அதான், குக்கர். வேற ஒண்ணுமில்ல.” குக்கர் என்பது அவளுக்கு அவன் வைத்த பெயர். சின்ன வயதில் விழுந்து மூக்கெலும்பு வளைந்ததில், அவள் மூச்சு இழுத்து முடிகிற இடத்தில் மெல்லிய விசில் ஒன்று வரும். நாய்ஸ் ரூமில் ஹெட்போனுக்குள் நாளெல்லாம் மோட்டாரோடு சேர்த்து அவள் கேட்பது அந்த விசிலையும்தான். அவன் அதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்பான்.

அவன் வயிற்றில் வாய் வைத்து, “அம்மாவ பயங்காட்டாதீங்க மகாராசா” என்றான். அவள் அவன் தலைமுடிக்குள் விரல்விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அன்று அது போதுமானதாக இருந்தது.

*

புதன்கிழமை ஆல்பத்தில் ஒரு பெண் சுருதி தளர்ந்த கிட்டாரோடு, தூரத்து ஃபோன் பூத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் பாடினாள். கேட்கக் கூடாது என்றுதான் சௌமியா நினைத்திருந்தாள். ஆனால் இயர்போன் ஒட்டாதபோது குழந்தை காலையிலிருந்து அசையவே இல்லை. அந்த பயம் இந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒட்டினாள். உடனே வயிற்றுக்குள் ஒரு சிலிர்ப்பு, கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பதுபோல்.

இந்த முறை வலதைக் கழற்றிவிட்டு, குனிய முடிந்தவரை குனிந்து, வயிற்றில் இருந்ததை அழுத்திக்கொண்டு கேட்டாள். முடியவில்லை. உரித்துக் காதுக்குள் செருகினாள். பாட்டு முடிந்தது. வளையல்கள் குலுங்கி ஓய்ந்தன.

அந்தப் பக்கம் இருந்தது, வளையல் ஓய்கிறவரை காத்திருந்தது. அவளுக்கு அது தெரிந்தது. சத்தம் அடங்கட்டும் என்று அவளே எத்தனை தடவை அப்படிக் காத்திருந்திருக்கிறாள். கடைசி வளையலும் அடங்கியது. பிறகு ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. நிதானமான, வேலைநேரத்து மூச்சு.

முடிகிற இடத்தில் ஒரு விசில்.

சௌமியா ஒயரை ஃபோனிலிருந்து பிடுங்கினாள். பிளக் அவள் மடியில், எதிலும் செருகாமல், கிடந்தது.

இடது காதில் மூச்சு விட்டது. இழுத்தது. விசில்.

இயர்போனைச் சுருட்டி, கீழ்த் தெரு முனையிலிருந்த குப்பை வண்டியில் அவளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். படியேறும்போது கீழ்வீட்டு ஓனர் நாகம்மா, ரோஜாப் பதியன்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “ஏனம்மா சௌமியா, ஊட்டா ஆய்த்தா?” என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்தாள்.

“ஆச்சுக்கா.”

“மொகம் ஏன் இப்படி இருக்குது? புள்ளைய நெனச்சு பயமா?”

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். எதைச் சொல்வது? யாரோ என் குழந்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றா?

“கண்ணு பட்டிருக்கும்” என்றாள் நாகம்மா, அவளே முடிவுக்கு வந்து. உப்பும் மிளகாயும் எடுத்து வந்து சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடிக்கும் சத்தம் கேட்டபோது வயிற்றுக்குள் குழந்தை ஒடுங்கியது.

*

வியாழக்கிழமை காலை முதல் மாலைவரை மின்வாரியப் பராமரிப்பு, கரண்ட் இருக்காது. மாதம் ஒரு நாள் வருவதுதான். முத்து வீட்டில் இருந்த நேரம் தெருவில் ஆட்கள் நடமாட்டம் இருந்தது, பிள்ளைகள் கத்தினார்கள். சாப்பிட்டுவிட்டு அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பினான். லீவு போடச் சொன்னாள். “லைன்ல ஆளே இல்லடி, நாளைக்கழிச்சு கண்டிப்பா போடறேன்” என்று கெஞ்சினான். பைக் சத்தம் பாகலூர் ரோட்டில் போய்க் கலந்தது.

பிறகு மதியம் வந்து தெருமேல் உட்கார்ந்தது.

ஃபேன் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. தண்ணீர் மோட்டார் இல்லை. எந்நேரமும் அடிநாதமாக இருக்கிற பட்டறைப் பிரஸ், அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தூக்கத்திலும் கேட்டுப் பழகிய அந்தத் தம் தம், நின்றிருந்தது. அது நின்றபோதுதான், அத்தனை நாளாக அது எதை மூடிவைத்திருந்தது என்று தெரிவதுபோல் இருந்தது. கொளுத்துகிற பட்டப்பகல். ஜன்னலுக்கு வெளியே கொடியில் முத்துவின் நீலச் சட்டை அசையாமல் தொங்கியது. காகம்கூடக் கத்தவில்லை. அவள் ஒருக்களித்துப் படுத்து, தலையணையில் இடது காது அழுந்த, வயிற்றில் கை வைத்திருந்தாள்.

சுவர்கள் அருகில் வந்ததுபோல் இருந்தது. சுண்ணாம்புச் சுவர்தான். ஆனால் அதில் பட்டு எதுவும் திரும்பி வரவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தாள். அந்தச் சத்தம் வாயிலேயே செத்துப் போனது.

ஸ்பாஞ்ச்.

க்ளக்.

வயிற்றின் இரண்டு பக்கமும் ஏதோ பிடித்தது. வலிக்கவில்லை. கெட்டியாக, அளவாகப் பிடித்தது.

தலையணைக்குள் மூச்சு இழுபட்டது. விசில்.

கேட்டுக்கொண்டிருக்கிறது.

சௌமியா கத்தவில்லை. கத்தினால் நடுவில் மூச்சு வாங்க வேண்டும், அந்த இடைவெளியில் அது கேட்டுவிடும். கைகளை உயர்த்தி உதறினாள். வளையல்கள் ஒன்றோடொன்று மோதின. அந்த அடைபட்ட அறைக்குள் அது கண்ணாடிக் கடையே சரிந்ததுபோல் கேட்டது. பிடி தளர்ந்தது. மூச்சு நின்றது. எரிச்சலோடு காத்திருந்தது. அவள் நிறுத்தவில்லை. வலது கை, இடது கை, இரண்டும். தொணை என்று அம்மா சொன்னது இதைத்தானா? சத்தம் இருக்கிறவரை அதனால் கேட்க முடியாது. கேட்காமல் அது முடிவு சொல்லாது. அவளும் அப்படித்தான் வேலை செய்வாள். சந்தேகம் இருந்தால் அழுத்தமாட்டாள்.

தோள்கள் எரிந்தன. வியர்வை கண்ணில் இறங்கியது. குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. “ஏனம்மா! புள்ளைக்குக் குத்து டான்ஸ் கத்துக் குடுக்கிறியா? கீழ வரைக்கும் கேக்குது!” நாகம்மாவின் சிரிப்பு. அதே நொடி, சொன்ன நேரத்துக்கு முன்பே, மின்சாரம் வந்தது. ஃபேன் சுழன்றது. தெருக்கோடியில் பிரஸ் ஒருமுறை தயங்கி, பிறகு இடிக்கத் தொடங்கியது.

கதவைத் திறந்த சௌமியாவின் கைகளைப் பார்த்து நாகம்மா சிரிப்பை நிறுத்தினாள். உடைந்த வளையல் கிழித்து மணிக்கட்டில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

“அம்மாவ வரச் சொல்றேன், நம்பர் குடு.”

ஃபோனில் அம்மா அழுதாள். “கருமாதி முடியாம எப்புடிடி வருவேன்? தீட்டோட வந்து புள்ளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?” என்றாள். “வளையலை ஒடைக்காத தாயீ” என்றாள். பிறகு அம்மாவும் மகளும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சௌமியா தாங்க முடியாமல் ஃபோனை வைத்தாள்.

*

அதற்குப் பிறகு குழந்தை அசையவில்லை.

வெள்ளிக்கிழமை முழுதும் டிவி ஓடியது, மிக்ஸி காலியாக ஓடியது, ரேடியோவில் ஒரு பெங்களூர் ஸ்டேஷன் கன்னடத்தில் விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் நடுவில் உட்கார்ந்து, இனிப்புத் தின்றாள், குளிர்ந்த தண்ணீர் குடித்தாள், பக்கம் மாறிப் படுத்தாள். குழந்தை இருந்தது. கனம் இருந்தது. ஆனால் ஒளிந்துகொண்ட பிள்ளைபோல், மூச்சுகூட விடாமல் இருந்தது.

முத்து வந்ததும் அவளே சொன்னாள். “ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அவனுடைய முகம் வெளுத்ததை அவள் அன்றுதான் முதலில் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தான். இரவில் டாக்டர் இல்லை, விடிந்ததும் அழைத்து வரச் சொன்னார்கள். இரவெல்லாம் அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். அவள் மற்றொரு கையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஒரு நேரத்துக்குப் பிறகு அவனும் அவளோடு சேர்ந்து அந்தக் கையை மெல்ல ஆட்டிவிட்டான்.

*

சனிக்கிழமை பனி ரோட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் டெட்டால் வாசமும் பக்கத்து அடுமனையின் பன் வாசமும் கலந்து வந்தன. நர்ஸின் பெயர் நிர்மலா என்று சட்டையில் எழுதியிருந்தது. கைராசியான, கலகலப்பான பெண்.

“பயப்படாதீங்க. குழந்தையோட துடிப்பைக் கொஞ்ச நேரம் மெஷின்ல கேக்கப் போறோம், அவ்வளவுதான்.”

“கேக்க வேணாம்” என்றாள் சௌமியா.

“கேக்காம எப்படிம்மா தெரியும், நல்லாருக்கா இல்லையான்னு?”

முத்து அவள் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தான். வயிற்றில் சில்லென்று ஜெல் பரவியது. இரண்டு பெல்ட். கொக்கி மாட்டியது.

க்ளக்.

அவள் கையை உயர்த்திக் குலுக்கினாள். மெஷினில் கோடுகள் தாறுமாறாகத் துள்ளின.

“ஐயோ, இந்த வளையல் சத்தமெல்லாம் அதுல ஏறுது பாருங்க. கழட்டிரலாமா?”

“கழட்டக் கூடாதுங்க, வளைகாப்பு வளையல்” என்றான் முத்து.

“சரி, அப்ப சுத்திருவோம்.” நிர்மலா பேண்டேஜ் சுருளை எடுத்தாள். ஒரு கை அவள் சுற்றினாள். இன்னொரு கை முத்து சுற்றினான், வளைகாப்பு அன்று சந்தனம் பூசிய அதே கவனத்தோடு, வலிக்காமல், ஒரு வளையலும் அசையாதபடி, அடுக்கு மேல் அடுக்காக.

“முத்து, வேணாம். முத்து, சொல்றதக் கேளுங்க. அது கேட்டா—”

“கொஞ்ச நேரம்டி. நம்ம புள்ளைக்காக.” அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

கட்டிய கையை ஆட்டிப் பார்த்தாள். துணி துணியோடு உரசியது.

“இத வலது கையில வெச்சுக்கங்க.” நிர்மலா ஒயரில் தொங்கிய சின்னப் பட்டன் ஒன்றை நீட்டினாள். “குழந்தை அசையற மாதிரி இருந்தா ஒரு அழுத்து.”

“வேணாம். பட்டன் வேணாம். அவருகிட்ட குடுங்க.”

“வயித்துல அசையறது அவருக்கு எப்படிம்மா தெரியும்?” நிர்மலா சிரித்தாள். முத்துவும், அழுகையோடு, சிரித்தான். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பட்டனைச் சுற்றி மூடிவிட்டான். விரலின்மேல் ஒரு முத்தம்.

கதவைச் சாத்தினார்கள். ஏசி ஒருமுறை இருமி, நின்றது.

மெஷினிலிருந்து சத்தம் வந்தது. டப்பக், டப்பக், டப்பக். ஈரத் துணியை வேகவேகமாக அலசுவதுபோல். குழந்தை. அவளுடைய குழந்தை. உயிரோடு, ஓட்டமாக.

“கேட்டீங்களா? சூப்பரா இருக்கு” என்றாள் நிர்மலா.

முத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவனுடைய விசும்பல் கேட்கவில்லை. நிர்மலாவின் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அவர்கள் வாய் அசைந்தது. சுவர்கள் அருகில் வந்தன.

இடது காதில் மூச்சு இழுபட்டது. விசில்.

தட்டு. தட்டு.

கேட்காதே, என்று அவள் தன்னிடமே சொன்னாள். காதை மூடக் கை எழவில்லை. வேறு எதையாவது நினை. பஸ். ஜன்னல் சீட். கிட்டார். ஆனால் காது அவள் பேச்சைக் கேட்டதே இல்லை. அது கேட்கத் தொடங்கிவிட்டது.

டப்பக். டப்பக். டப்பக்.

நன்றாக இருந்தது. சீராக இருந்தது. டாக்டரும் அப்படித்தான் சொல்லுவார். மெஷின் தாளிலும் அப்படித்தான் விழும்.

டப்பக். டப்பக்.

டப்— பக்.

ஒரு நூல். ஒரே ஒரு நூல் பிந்தி.

இல்லை. நான் கேட்கவில்லை. ஒன்றுமில்லை. அதுதான் அழகு, முத்துகூடச் சொல்லுவான். நல்ல குழந்தை. இது நல்ல—

வலது கை விரல் பட்டனில் அழுந்தியிருந்தது.

அவள் பார்த்தாள். எப்போது அழுந்தியது என்று தெரியவில்லை. எடுக்க முயன்றாள். வரவில்லை.

மூச்சு, வேலை முடிந்த மூச்சாக, வெளியே போனது.

வயிறு அசைந்தது. உதையில்லை. புரளவும் இல்லை. பெல்ட்டுக்கு அடியில் அந்த மேடு முழுதும், உருளைகள் மேல் ஏற்றி வைத்ததுபோல், ஒரே சீராக, தடையில்லாமல், இடது பக்கமாகச் சரியத் தொடங்கியது.

“பாருங்க, எவ்வளவு ஜோரா அசையறாங்க! அம்மா கரெக்டா அழுத்திட்டாங்க பாருங்க!” நிர்மலாவின் உதடுகள் சொல்லின. முத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, அதை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

சௌமியாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. இடது காதில், மிக அருகில், ரப்பர் திரை விலகும் சத்தம் மட்டும் கேட்டது.